மரை என்று கேட்டது

முதல் தடவை காட்டுக்குப் போனபோது வண்டியில் மூன்று பேர் இருந்தோம். ஸ்டியரிங்கில் அத்தானோடு தொழிற்சாலையில் வேலை செய்த தாடிக்கார வெள்ளைக்காரர், பக்கத்தில் அத்தான், பின் சீட்டில் அம்புக் கட்டுக்கும் குளிர்ப் போர்வைகளுக்கும் நடுவில் நான். வராதவர்கள் இரண்டு பேர். யாருக்காகப் போகிறோமோ அந்த அக்கா, மெல்பேர்ன் டண்டினோங்கில் உள்ள வீட்டில் கால்களைத் தலையணையில் உயர்த்தி வைத்துப் படுத்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அந்த நேரம் இருந்திருக்க வேண்டிய அம்மா, விசா கிடைக்காமல் யாழ்ப்பாணத்தில் இருந்தார்.

அக்காவுக்கு அது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் தங்கவில்லை. இந்தமுறை டொக்டர் அவளை வேலைக்குப் போக வேண்டாம், மாடிப்படி ஏற வேண்டாம், கவலைப்பட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதில் முதல் இரண்டையும் கடைப்பிடிக்கலாம். அம்மா வந்தால் மூன்றாவதும் நடக்கும் என்று நினைத்து விண்ணப்பித்தோம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான்தான் என்பதால் கடிதம் வந்ததும் என்னிடம்தான் தந்தார்கள். வந்தவர் திரும்பிப் போவார் என்று நம்பப் போதிய காரணம் இல்லை என்று எழுதியிருந்தது. வாசித்து, தமிழில் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அதுவரை நான் மொழிபெயர்த்ததில் அதுதான் கஷ்டமானது.

"அப்ப டிக்கெட் காசு?" என்று அத்தான் கேட்டார்.

"கிடக்கட்டும்," என்றாள் அக்கா. காசு பாங்கிலேயே கிடந்தது.

அத்தான் வன்னிக் காட்டோரத்தில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். இங்கே பிளாஸ்டிக் வாளி வார்க்கும் தொழிற்சாலையில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, மெஷின் சொல்வதைச் செய்துவிட்டு வருவார். கடைக்குப் போனால் விலை பார்த்து எடுப்பார். எது வேண்டும் என்று கேட்டால், "ஏதாவது" என்பார். இந்த நாட்டுக்கு வந்து ஆறேழு வருடத்தில் அவர் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் வேலையிடத்திலிருந்து அக்காவுக்குப் போன் எடுத்து, என்ன சாப்பிட ஆசை என்று கேட்டிருக்கிறார். பின்னால் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அன்று பின்னேரம் கதவைத் திறந்து உள்ளே வந்தவரின் முகம் வேறு முகம். சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார்:

"தம்பி, அக்காவுக்கு மரை தின்ன ஆசையாமடா!"

அக்கா அறைவாசலில் நின்றாள். எதையோ சொல்ல வாயைத் திறந்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

மரை என்றால் மான் சாதியில் பெரியது. கருமண் நிறம், கழுத்தில் அடர்ந்த மயிர், சுள்ளி மாதிரிக் கிளைத்த தடித்த கொம்பு. தமிழ்நாட்டில் கடமான் என்றும் மிளா என்றும் சொல்வார்கள். வன்னியில் அதன் இறைச்சியை உப்பும் மஞ்சளும் போட்டுக் காயவைத்து, வற்றலாக்கிக் கறி வைப்பார்கள். நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். அக்காவும் நானும் அதைக் கலியாணத்துக்குப் பிறகு அத்தான் வீட்டில் இரண்டொரு தடவை சாப்பிட்டிருக்கிறோம், அவ்வளவுதான். அக்காவுக்கு அது இவ்வளவு பிடித்துப்போயிருந்தது எனக்குத் தெரியாது.

அத்தான் முதலில் மெல்பேர்ன் பெரிய சந்தையில் மான் இறைச்சி வாங்கி வந்தார். பண்ணையில் வளர்த்தது. அவரே குசினியில் நின்று சமைத்தார். ஒரு துண்டை வாயில் போட்டு, சவைத்து, மிச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டார்.

"இது மரையில்லை. ஆடு மாதிரிப் பழகின சாமான்."

"எனக்கு இது காணும்," என்றாள் அக்கா. "இஞ்சேருங்கோ, உண்மையாப் போதும்."

"நீர் எனக்காகச் சொல்லுறீர். எனக்கு விளங்கும்."

ஞாயிற்றுக்கிழமை சிட்னியிலிருந்து குவேக்கர்ஸ் ஹில் அன்ரி போன் எடுத்தார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. எல்லா ஞாயிறும் எடுப்பார். விஷயத்தைக் கேட்டதும் குரல் இறங்கிவிட்டது.

"தம்பி, விளையாடாதேங்கோ. வயித்துப்பிள்ளைக்காரி ஆசைப்பட்டதைக் குடுக்காட்டில் பிள்ளைக்குக் காதில சீழ் வடியும். என்ர மூத்தவனுக்கு வடிஞ்சது. நான் கேட்டது ஒரேயொரு விளாம்பழம். சிட்னியில எங்க விளாம்பழம்?"

"அன்ரி, அது பக்டீரியா."

"ஓம் ஓம், நீ படிச்சனீ. அந்தப் பக்டீரியா ஏன் பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ர காதுக்குப் போகேல்லை?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அத்தான் சிரிக்கவில்லை. இரண்டு பிள்ளைகளை இழந்த மனிதருக்கு இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. எல்லாம் சரியாகச் செய்ய வேண்டும், எதுவும் விடுபடக்கூடாது என்பதே அப்போது அவருக்குத் தெரிந்த ஒரே வழி. அந்தப் பிள்ளை வந்து சேரவேண்டும். அதற்கு மரை வேண்டும்.

தாடிக்காரர் வேட்டைக்காரர் என்று தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். அத்தான் அவரிடம் போய்த் தலைக்கு மேல் இரண்டு கைகளையும் விரித்துக் கொம்பு காட்டியிருக்கிறார். தாடிக்காரர், "சாம்பார்?" என்று கேட்டாராம்.

"சாம்பாரில்லை, மரை எண்டு நானும் சொல்லிப் பாத்தன்," என்றார் அத்தான். "ஆள் சாம்பார் சாம்பார் எண்டே நிக்குது."

நான் புத்தகம் பார்த்துச் சொன்னேன். இரண்டும் ஒன்றுதான். விக்டோரியாவின் மலைக்காடுகளில் சாம்பார் மான் நிறைய இருக்கிறது. காட்டு இறைச்சியை விற்கக்கூடாது; வேட்டையாடியவர் யாருக்கும் கொடுக்கலாம். ஆனால் தாடிக்காரரின் ஃப்ரீஸர் வெறுமையாக இருந்தது. இளவயதில் ரைஃபிளால் சுட்டவர், பிறகு அது சுலபமாகிவிட்டதென்று வில்லுக்கு மாறினாராம். அதன்பின் மாட்டிய மான்கள் குறைவு. இப்போது குழல் வாயால் வெடிமருந்து போட்டு இடிக்கும் பழையகாலத் துவக்கொன்றும் வாங்கி வைத்திருந்தார்.

அவர் கராஜில் அதைப் பார்த்த அத்தான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, இது இடியனெல்லோ!"

மருந்தை இட்டு இடிப்பதால் இடியன். வன்னியில் ரைஃபிள் வாங்க வழியில்லாத வீடுகளில் அதுதான் இருந்தது. அத்தானிடமும் ஒன்று இருந்தது. இயக்கப் பெடியள் வந்து வாங்கிக்கொண்டு போகும்வரை. இங்கே அது விலை கூடிய பொழுதுபோக்கு.

"நாங்கள் இடியனை வைச்சுக்கொண்டு ரைஃபிளுக்கு ஏங்கினனாங்கள்," என்றார் அத்தான், குழலைத் தொடாமல் குனிந்து பார்த்தபடி. "இவர் ரைஃபிளை வைச்சுக்கொண்டு இடியனுக்கு ஏங்கியிருக்கிறார்."

தாடிக்காரருக்கு அதை மொழிபெயர்த்தேன். அவர் பலமாகச் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை எங்களைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்.

கிப்ஸ்லாண்ட் மலைகள் நாலு மணி நேர ஓட்டம். அன்று அவர் வில்லோடு வந்தார்; நாங்கள் வெறுங்கையோடு. பனி படிந்த பன்னச்செடிகளுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். அட்டை கடித்தது. முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் காலையில் எங்களுக்கு மேலே, புதருக்குள், காலால் நிலத்தை அறையும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல். பெரிய வண்டியின் ஹோர்ன் ஒருதரம் அடித்து அடங்கியதுபோல.

அத்தான் என் கையைப் பிடித்தார்.

"கேட்டதோ? மரையடா. மரை கத்துது."

தாடிக்காரர் எய்த அம்பு ஒரு மரத்தில் குத்தி நின்றது. மான் போய்விட்டது. அத்தான் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மத்தியானம் தேநீர் குடிக்கும்போது தாடிக்காரர், இந்த மான்களை முற்காலத்தில் சிலோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள் என்று சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அத்தான் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப எங்கட ஆக்கள்தான்! விசா ஆர் குடுத்தது, கேளடா."

"யாரும் கேட்கவில்லை, மேட்," என்றார் தாடிக்காரர். "இறக்கி விட்டார்கள். ஓடிவிட்டன."

அத்தான் சிரித்தார். பிறகு காட்டுப் பக்கம் திரும்பினார். அம்மாவை நினைத்தார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் நினைத்தேன்.

அதற்குப் பிறகு லைசென்ஸ். வேட்டையாட ஒன்று, துவக்கு வைத்திருக்க ஒன்று. பரீட்சைக் கைநூலை இரவல் வாங்கி, சாப்பாட்டு மேசையில் வைத்து, பந்தி பந்தியாகத் தமிழில் சொல்லிக் கொடுத்தேன். அக்கா கட்டிலிலிருந்து கேள்வி கேட்பாள்.

"குடிச்சிட்டுத் துவக்குத் தொடலாமோ?"

"உதுக்கும் சோதினையோ?" என்பார் அத்தான். "குடிச்சிட்டு உம்மைத் தொடலாமோ எண்டு கேளும், அதுக்கும் அதே பதில்தான்."

அக்கா சிரிப்பாள். அவள் சிரித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் மரைப்பேச்சுதான். அத்தான் வேலையிலிருந்து வந்ததும் காட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். அந்த மனிதருக்குள் இவ்வளவு கதை இருந்ததா என்று அக்காவும் நானும் பார்த்துக்கொண்டிருப்போம். செலவுக்கு என்ன செய்வது என்று வந்தபோது அக்காதான் சொன்னாள்:

"அம்மான்ர டிக்கெட் காசை எடுங்கோ."

"அதை எப்பிடித் தொடுறது?"

"அம்மாவை விடமாட்டினமாம். காசு பாங்கில நித்திரை கொள்ளுது. நீங்களாவது போயிட்டு வாங்கோ."

பாதுகாப்பு வகுப்பில் பயிற்சியாளர், இதற்கு முன் துவக்குப் பிடித்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். பாதிப்பேர் உயர்த்தினார்கள். பக்கத்தில் அத்தான் இரண்டு கைகளையும் தொடைக்கிடையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டேன்.

"தெரியுமெண்டு சொன்னா, அடுத்த கேள்வி எங்க பழகினனீர் எண்டு வரும். சிலோன் எண்டு சொல்லவேணும். மரைக்குத்தான் பழகினன் எண்டா ஆர் நம்புவினம், தம்பி?"

லைசென்ஸ் வந்தபின் இரண்டாவது பயணத்துக்குத் தாடிக்காரர் தன் பழைய ரைஃபிளைக் கொடுத்தார். தானும் கூட நடப்பதாகச் சொன்னார். அத்தான் மறுத்துவிட்டார். நடந்து தேடுவது முட்டாள்தனம், தண்ணீரடியில் காவலிருந்தால் அது தானாக வரும் என்றார். வன்னியில் அப்படித்தான். கோடையில் காட்டுக்குள் எல்லாம் வற்றி, எங்காவது ஒரு மோட்டையில் கொஞ்சம் சேற்றுத்தண்ணீர் மிஞ்சும். மிருகமெல்லாம் அங்கேதான் வரவேண்டும். அத்தானும் நானும் ஓர் ஓடைக்கரையில் பாறைக்குப் பின்னால் சனிக்கிழமை முழுதும் உட்கார்ந்தோம். ஞாயிறும் உட்கார்ந்தோம். குளிரில் என் பாதங்கள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். ஒரு குருவிகூடத் தண்ணீர் குடிக்க வரவில்லை.

பின்னேரம் தாடிக்காரர் தேடிக்கொண்டு வந்து விசாரித்தார். காரணத்தைச் சொன்னதும் சிரிக்காமல் இருக்க மிகவும் முயன்றார். கையால் நாலு பக்கமும் காட்டினார். அந்தப் பள்ளத்தில் ஓடை, அடுத்ததில் ஓடை, பாறையிலிருந்து கசிவு, பாசியைப் பிழிந்தால் தண்ணீர்.

அத்தான் ரைஃபிளிலிருந்து குண்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

"நான் ஒரு விசரன். இஞ்ச தண்ணிக்குத் தவிக்கிற மிருகமே இல்லை. தவிப்பில்லாத ஊரில மோட்டைக் காவல் இருக்கிறன்."

வீடு திரும்பினோம். கதவைத் திறந்த அக்கா அவர் முகத்தைப் பார்த்து, "அடுத்தமுறை சரிவரும்," என்றாள். "எனக்கு இன்னும் ஆசை போகேல்லை."

அதைச் சொல்லும்போது அவளுக்கு ஏழாம் மாதம்.

மூன்றாவது பயணத்தில் தாடிக்காரர் ஒன்றும் கேட்காமல் இடியனை எடுத்து அத்தானிடம் நீட்டினார். எப்படி நிரப்புவது என்று விளக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். அத்தானின் கைகள் அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தன. மருந்து, துணித்துண்டு, குண்டு, இடிகம்பி. "எங்க பழகினீர்?" என்று அவர் கேட்டார். அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு தானே ஆங்கிலத்தில் சொன்னார்: "ஹோம். ஃபார் சாம்பார்." தாடிக்காரர் தலையை ஆட்டிவிட்டு முன்னால் நடந்தார். அவ்வளவுதான். அவர் நம்பினார்.

இந்தமுறை நடந்தோம். காற்றுக்கு எதிராக, நாலு எட்டு வைத்து நின்று, மறுபடி நாலு எட்டு. மரத்தில் கொம்பு உரசிய இடத்தில் பால் இன்னும் காயவில்லை. தாடிக்காரர் மெல்ல உட்கார்ந்து கையைக் காட்டினார். கறுப்புமுள் பற்றைப்புதருக்கு அப்பால் அது நின்றது. கிட்டத்தில்தான். காது ஒன்று மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது.

வெடித்ததும் முன்னால் வெள்ளைச் சுவர் ஒன்று எழுந்தது. அந்தத் துவக்கு அப்படித்தான். சுட்டவருக்கு, பட்டதா இல்லையா என்று புகை கலையும்வரை தெரியாது. மருந்து மணம் என் மூக்கில் ஏறியதும் நான் நிலத்தோடு படுத்துவிட்டேன். எனக்கு அந்த மணத்தோடு வேறு நினைவுகள் உண்டு. திரும்பிப் பார்த்தேன். அத்தான் நிமிர்ந்து நின்று அந்தப் புகையை ஆழமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். கண்களை மூடியிருந்தார். புகை கலைவதற்கு அவருக்கு ஓர் அவசரமும் இருந்ததாகத் தெரியவில்லை.

கலைந்தபோது மரை பற்றைக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தது. அத்தான் போய் அதன் தலைமாட்டில் குந்தி, காதை மெல்லத் தடவினார். "மன்னிச்சுக்கொள்ளும்," என்று சொன்னது எனக்குக் கேட்டது. 'நீர்' என்றுதான் பேசினார், அக்காவோடு பேசுவதுபோல.

பிறகு வற்றல் போடும் வேலை. மெல்பேர்னில் அது குளிர்காலம். பின்வளவில் உடுப்புக் காயப்போடும் சுழல்கொடியில் மஞ்சளும் உப்பும் பூசிய இறைச்சிப் பட்டிகள் தொங்கின. மேலே பழைய வலைத் திரைச்சீலை. வெயில் வந்தால் அத்தான் கொடியை வெயில்பக்கம் திருப்புவார், மழை வந்தால் ஓடிப்போய் எடுப்பார். மக்பை பறவைகள் வேலியில் வரிசையாக இருந்து பார்த்தன. பக்கத்து வீட்டு கிரேக்க அம்மா எட்டிப் பார்த்து, உங்கள் சடங்கா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கடைசியில் மிச்சத்தை அவண் அடுப்பில் காயவைத்தோம். ஒரு மாதம் எங்கள் போர்வைகூட மரை மணத்தது.

அந்தக் கறியை அக்கா சாப்பிட்டாள். அத்தான் கதிரையை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டு, ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி?"

"நல்லாயிருக்கு."

"இன்னும் கொஞ்சம் போடும்."

போட்டுச் சாப்பிட்டாள். பிறகு மெதுவாக எழுந்து குளியலறைக்குப் போனாள். தண்ணீர்க் குழாய் நெடுநேரம் ஓடியது. வந்து மறுபடி அதே கதிரையில் உட்கார்ந்து சிரித்தாள். எட்டாம் மாதத்தில் அப்படித்தான் என்று நினைத்தேன்.

மகள் பிறந்தாள். தங்கினாள். காதில் சீழ் வடியவில்லை. குவேக்கர்ஸ் ஹில் அன்ரி போனில், "பாத்தியா, நான் சொன்னனான்," என்றார். அம்மாவுக்கு மறுபடி விண்ணப்பித்தோம், மறுபடி மறுத்தார்கள். பிறகு போரில் யாழ்ப்பாணத்துப் பாதையும் பூட்டிக்கொண்டது. பேத்தியின் அழுகையை அம்மா போனில்தான் கேட்டார்.

அத்தான் அதற்குப் பிறகு வேட்டைக்குப் போகவில்லை. லைசென்ஸை மட்டும் காலாவதியாகும்வரை பேர்ஸில் வைத்திருந்தார். வேலையிலிருந்து வந்து, கதவைத் திறந்து, மகளிடம் மரை எப்படிக் கத்தும் என்று கத்திக் காட்டுவார். அவள் ஆங்கிலத்தில், "டூ இட் அகெய்ன், அப்பா," என்பாள்.

நான் வேலை கிடைத்துச் சிட்னிக்கு வந்து, மெரிலேண்ட்ஸில் தனியாக இருந்த காலம். மகளின் நாலாவது பிறந்தநாளுக்கு டண்டினோங் போயிருந்தேன். விருந்து முடிந்து மூன்று பேரும் குசினியில் நின்றோம். அடுப்பில் எனக்காக அக்கா பாரைக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். கிளறிக்கொண்டே, எங்களைப் பார்க்காமல் சொன்னாள்:

"அண்டைக்கு நான் கேட்டது இதுதான்."

"எண்டைக்கு?" என்றார் அத்தான்.

"நீங்கள் ஃபக்டரியில இருந்து போன் எடுத்த அண்டைக்கு. பாரைக் கருவாடு எண்டு சொன்னனான். உங்கட மெஷின் சத்தத்தில 'மரை' எண்டு உங்களுக்குக் கேட்டுது."

அத்தான் கையிலிருந்த துவாயைக் கீழே வைத்தார். ஏதோ கணக்குப் பார்ப்பவர்போல உதடுகள் அசைந்தன. காடு, பனி, ஓடைக்கரை, கொடியில் தொங்கிய பட்டிகள் எல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக வந்து போயிருக்கவேண்டும்.

"மரை உமக்குப் பிடிக்கவே பிடிக்காதோ?"

"மணமே ஆகாது."

"பாரையெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் கடைக்குப் போய்ப் பத்து நிமிசத்தில வாங்கி வந்திருப்பனே!"

"அதுதான் சொல்லேல்லை," என்றாள் அக்கா. "கதவைத் திறந்துகொண்டு வந்தனீங்கள். அண்டைக்கு உங்கட முகத்தை நீங்கள் பாக்கேல்லை. எத்தினை வருசம், ஏதாவது வேணும் எண்டு கேட்டிருக்கிறியளோ? அம்மாவையும் விடேல்லை. வீட்டில ஒராள் எண்டாலும் ஆசைப்பட்டதுக்குப் போகட்டும் எண்டு விட்டன்."

"அப்ப உம்மட ஆசை?"

"அதுக்கென்ன. அடுத்த நாளே தமிழ்க் கடைக்காரப் பெடியன் கொண்டுவந்து தந்தவன். நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு சமைச்சுத் திண்டிட்டு யன்னலைத் திறந்து விட்டனான்."

அத்தான் வெளியே பார்த்தார். பின்வளவில் சுழல்கொடி காற்றில் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சிரிப்பாரா கோபப்படுவாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் என்னிடம் திரும்பி, நீ படிச்சனீ, மொத்தம் எவ்வளவு வந்தது, கூட்டிச் சொல் என்றார். வகுப்பு, லைசென்ஸ், சப்பாத்து, பெற்றோல், சம்பளமில்லாத லீவு, பழைய ஃப்ரீஸர் என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக் கூட்டினேன். அம்மாவின் டிக்கெட் காசு முழுதும் போய், அதற்கு மேலேயும் கொஞ்சம்: மூவாயிரத்து நூறு டொலர். பாரைக் கருவாட்டுக்கு ஆறரை.